கேட்ட கேள்வியும் சொல்லாத விடையும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நாம் இந்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்து வருகின்றோம். இவ்வளவு காலத்திலும் கரும்பலகையில் நாம் மிகுதியாக வரைந்த உருவம் எதுவென்று எவரேனும் வினவினால், அமீபா என்றே விடை கூறுவோம். அதை வரைவதற்குச் சித்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோடு எப்படி வளைந்தாலும் அது அமீபாவாகவே முடியும். நடுவே ஒரு கரு, ஓரங்களில் நாலைந்து போலிப்பாதங்கள், அவ்வளவுதான். “ஒரே கலத்தாலான உயிர், குளத்து நீரிலும் சேற்றிலும் வாழ்வது, பற்றீரியாக்களை உண்பது” என்று சொல்லிக்கொண்டே படத்தையும் முடித்துவிடுவோம். வயிற்றுளைவை உண்டாக்கும் அமீபாவைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் கூறுவதும் உண்டு. மற்றையவை தம்பாட்டில் வாழும் சாதுக்கள் என்பதே எமது எண்ணமாக இருந்தது.

அந்த எண்ணம் 2025ஆம் ஆண்டுச் சித்திரை மாதத்தில், ஒரு வைத்தியசாலையின் விறாந்தையில் கலைந்தது. அன்று நாம் செய்த பிழை ஒன்றையும், அதன் பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் எம்மைப் போன்ற மாமன்மாரும் அறிந்துகொள்வது நன்று என்று தோன்றியமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

புத்தாண்டு விடுமுறைக்கு எமது தமக்கையாரின் மகனை வன்னியிலுள்ள எமது துணைவியாரின் ஊருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பதினொரு வயதுப் பையன்; தமக்கையாருக்கு ஒரே பிள்ளை. புறப்படும்போது அவர் எம்மிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: “தம்பி, இவனைக் குளத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதை.” நாமும் தலையசைத்தோம்.

வெயில் கொளுத்திய நாட்கள் அவை. குளம் வற்றி நடுவே ஒடுங்கிக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் அணைக்கட்டிலிருந்து ஓடிவந்து நீரில் குதித்தார்கள். பையன் எம் முகத்தைப் பார்த்தான். அந்த வயதில் நாமும் குளத்தில் குதித்தவரே. “போய்க் குளி, அம்மாவுக்குச் சொல்லாதை” என்று கூறி அனுப்பினோம். நீர் இளஞ்சூடாக இருந்ததென்றும், மூக்கினுள் ஏறி எரிந்ததென்றும் அவன் சிரித்துக்கொண்டே சொன்னது எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது.

யாழ்ப்பாணம் திரும்பிய ஐந்தாம் நாள் அவனுக்குக் காய்ச்சலும் தலையிடியும் கண்டன. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள், பனடோலும் கொடுத்தார்கள். இரவில் வாந்தி எடுத்தான். விடியற்காலையில், குனிந்து தன் மார்பைப் பார்க்க அவனால் முடியவில்லை, கழுத்து விறைத்திருந்தது. வெளிச்சத்தைக் கண்டால் கண்களை இறுக மூடினான். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம்.

அங்கே பையனைப் பரிசோதித்த வைத்தியர், மூளையைச் சூழ்ந்துள்ள மென்சவ்வில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம் என்றார். மருந்தும் உடனே தொடங்கப்பட்டது. பல கேள்விகள் கேட்டார். காது வலி இருந்ததா, தலையில் அடிபட்டதா, தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று வினவிவிட்டு, “அண்மையில் எங்காவது குளம், வாய்க்காலில் குளித்தவரா?” என்றும் கேட்டார். தமக்கையார் அருகில் நின்றுகொண்டிருந்தார். “இல்லை” என்றோம் நாம்.

ஒரு சொல்தான். அதைச் சொல்லும்போது, இந்தக் கேள்விக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு இருக்கப்போகின்றது என்று எமது மனத்துக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம். விலங்கியல் பட்டதாரி கூறிக்கொண்ட சமாதானம் அது!

பையனின் முதுகில் ஊசி ஏற்றி, முண்ணாணைச் சூழ்ந்துள்ள பாய்பொருளில் சிறிது எடுத்தார்கள். தெளிந்த நீர்போல இருக்கவேண்டிய அது கலங்கியிருந்தது. அதில் வெண்குருதிக் கலங்கள் மிகுந்தும் வெல்லம் குறைந்தும் காணப்பட்டன. இவை பற்றீரியாவால் உண்டாகும் நோயின் அடையாளங்கள். ஆனால், சாயமூட்டிப் பார்த்தபோது பற்றீரியா எதுவும் தென்படவில்லை.

பிற்பகல் இரண்டு மணியளவில் இளம் வைத்தியர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்தார். பல ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் முன்வரிசையில் இருந்த மாணவர் அவர். “சேர், காலமை கேட்டதைத் திரும்பக் கேட்கிறன் என்று நினைக்காதையுங்கோ. தம்பி உண்மையிலேயே ஓரிடமும் குளிக்கேல்லையோ?” என்றார். அவருடைய குரலில் ஐயமில்லை, கவலையே இருந்தது. எம்மால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. குளத்தைச் சொன்னோம், நாளைச் சொன்னோம், மூக்கில் நீர் ஏறியதையும் சொன்னோம்.

அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “இது மிக அரிதான நோய், சேர். அதுவாக இராது. ஆனால் பார்க்காமல் விட ஏலாது” என்று மட்டும் கூறினார். காலையில் எடுத்த பாய்பொருளில் எஞ்சியது வேறு சோதனைக்காகக் குளிர்ப்பெட்டிக்குப் போயிருந்தது. குளிர்பட்டால் அமீபா அசைவற்றுப் போகும், இறந்தும் போகும். அசைவை வைத்தே அதை இனங்காண வேண்டியிருப்பதால், அந்த மிச்சம் இதற்கு உதவாது. ஆகவே பையனுக்கு இரண்டாம் முறையும் ஊசி ஏற்ற வேண்டியதாயிற்று. உள்ளே அவன் “மாமா” என்று அலறியது விறாந்தையில் நின்ற எமக்குக் கேட்டது. காலையில் நாம் உண்மை கூறியிருந்தால் அந்த இரண்டாவது ஊசி வேண்டியிருந்திராது.

இளம் வைத்தியர் அந்தச் சிறு குழாயைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்கு விரைந்தார். ஒரு துளியைக் கண்ணாடித் தட்டிலிட்டு, சாயம் எதுவும் சேர்க்காமல், நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார்கள். ஊர்ந்து செல்வது எதுவும் இல்லை. இரண்டாம் நாள் வளர்ப்புச் சோதனையில் பற்றீரியா வெளிப்பட்டது. ஏற்கெனவே கொடுத்துவந்த மருந்தே அதற்கு உரிய மருந்தாகவும் இருந்தது. இரண்டு கிழமைகளில் பையன் வீடு திரும்பினான். குளத்துக்கும் அவனுடைய நோய்க்கும் தொடர்பில்லை. எனினும், காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிவரை நாம் மறைத்துவைத்த அந்த விடை எம்மை விட்டு நீங்கவில்லை. நோய் அதுவாகவே இருந்திருந்தால் அந்த ஐந்து மணி நேரத்தின் விலை என்னவாயிருக்கும்? அதை அறியும்பொருட்டே நூல்களையும் மருத்துவ ஏடுகளையும் தேடத் தொடங்கினோம்.

அந்த அமீபாவின் பெயர் நெக்ளேரியா பௌளெரி. வெதுவெதுப்பான நன்னீரும் சேறும் அதன் இருப்பிடம். கடல்நீரில் அது வாழ்வதில்லை. 46 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தையும் தாங்கி வளரும். அது கலந்த நீரைக் குடிப்பதால் இந்நோய் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. அதற்குத் திறந்திருக்கும் வழி ஒன்றே, அது மூக்கு. மூக்கின் மேற்கூரையில் சல்லடைபோல் துளைகளுள்ள மெல்லிய என்பொன்று இருக்கின்றது. மணத்தை உணரும் நரம்பின் இழைகள் அத்துளைகளினூடாகவே மூளைக்குச் செல்கின்றன. மல்லிகையின் வாசம் எந்த வழியால் எம்மை அடைகின்றதோ, அதே வழியைப் பற்றிக்கொண்டு இவ்வமீபாவும் மூளையை அடைகின்றது. அங்கே பற்றீரியாக்களுக்குப் பதிலாக மூளையின் கலங்களை உண்ணத் தொடங்குகின்றது.

நீர் மூக்கில் ஏறியதிலிருந்து 1 முதல் 12 நாட்களுக்குள், பெரும்பாலும் ஐந்தாம் நாளளவில், நோய் தலைகாட்டும். தலையிடி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, பின்னர் மயக்கமும் வலிப்பும் தோன்றும். அதன் பின் சராசரி ஐந்து நாட்களில் உயிர் பிரிகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை இந்நோய் கண்டோராக அறியப்பட்ட 164 பேருள் பிழைத்தவர்கள் நால்வரே. அந்தக் கணக்கை வாசித்தபோது எமது கை நடுங்கியது.

இந்நோயை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு வியப்புக்குரியது. 1958இல் அமெரிக்க ஆய்வாளர் கல்பேட்சன், இளம்பிள்ளைவாதத் தடுப்புமருந்து ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட கலங்களிடையே ஓர் அமீபா புகுந்திருப்பதைக் கண்டார். அதை எலிகளுக்குச் செலுத்தியபோது அவை மூளை அழற்சியால் இறந்தன. மனிதருக்கும் இவ்வாறு நேரலாம் என்ற எச்சரிக்கை அப்போதே கிடைத்துவிட்டது. 1965இல் தென் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலே, சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த பௌளர், காட்டர் என்னும் நோயியலாளர் இருவர், மென்சவ்வழற்சியால் இறந்த நால்வரின் மூளையிலே அமீபாக்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். முதலில் அவர்களும் அதை வேறோர் இனமாகிய அகந்தமீபா என்றே கருதினார்கள். பின்னரே உண்மை தெளிவாகி, 1970இல் காட்டர் அதற்குத் தம் தோழரின் பெயரைச் சூட்டினார். அம்மாநிலத்தின் வரண்ட பகுதிகளிலுள்ள ஊர்களுக்கு ஆற்றுநீர் நெடுந்தூரம் தரைக்கு மேலாகச் செல்லும் குழாய்களில் வந்தது. கோடை வெயிலில் குழாயும் நீரும் சூடேறின. 1972 முதல் அந்நீருக்குக் குளோரீன் இடும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது.

இன்னொரு செய்தி எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. இந்நோய் அறியப்பட்ட பின்னர், அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் வைத்தியசாலையொன்றிலே சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய மூளைத் துண்டங்களை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார்கள். 1937இல் இறந்த ஒருவரின் மூளையிலேயே அமீபா காணப்பட்டது. ஆயின், முப்பது ஆண்டுகளாக அது கண்ணாடித் தட்டிலேயே இருந்திருக்கின்றது. தேடாதவர் கண்ணுக்கு அது தென்படவில்லை!

இந்நோயைக் கண்டறிவதிலுள்ள இடர்ப்பாடு முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகின்றது. பாய்பொருளின் தோற்றம் பற்றீரியா நோயில் உள்ளதைப் போன்றது. அமீபாவோ உருவத்தில் வெண்குருதிக் கலத்தை ஒத்திருப்பது. கலங்களை எண்ணுபவர் அதையும் சேர்த்து எண்ணிவிடக்கூடும். அதை வெளிப்படுத்துவது அதன் நடை ஒன்றே. குளிரவிடாத புதிய துளியில், போலிப்பாதத்தை முன்நீட்டி அது நகர்ந்து செல்லும். பெரிய இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் இருப்பது போன்ற நுணுக்குக்காட்டியே தொடக்கத்துக்குப் போதும். அதன் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையால் பின்னர் உறுதி செய்துகொள்ளலாம். ஆனால், ஒருவர் அந்தத் துளியை அமீபாவுக்காகப் பார்க்க வேண்டும் என்று எண்ணவேண்டும். அவரை எண்ணவைப்பது, “நீரில் குளித்தான்” என்ற ஒரு சொல். அந்தச் சொல்லை நோயாளி சொல்லமாட்டான். அவன் மயங்கிக் கிடப்பான். உடன் வந்தவரே சொல்லவேண்டும்.

மருந்துகள் இல்லாமலில்லை. பூஞ்சண நோய்க்குரிய அம்போற்றெரிசினை நாளத்தின் வழியாகவும், சில வேளைகளில் முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளினுள்ளும் செலுத்துகின்றார்கள். அதனுடன் காசநோய் மருந்தாகிய றிபாம்பிசின், புளூக்கொனசோல், அசித்திரோமைசின் முதலியவற்றையும் சேர்க்கின்றார்கள். மில்ற்றபோசின் என்பது முதலில் புற்றுநோய்க்காக ஆராயப்பட்டு, பின்னர் காலா அசார் என்னும் நோய்க்குப் பயன்பட்ட மருந்து. அதுவும் இப்போது இந்நோய்க்குக் கொடுக்கப்படுகின்றது. மூளையின் வீக்கத்தைத் தணிப்பதற்கான சிகிச்சையும் உடன் நடைபெற வேண்டும்.

இவற்றைக் காட்டிலும் காலத்தின் பெறுமதி பெரிது. 1978இல் கலிபோர்ணியாவில் ஒரு சிறுமி பிழைத்தாள். அதன் பின் 2013 வரை அமெரிக்காவில் எவரும் பிழைக்கவில்லை. அந்த ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, நோய் தொடங்கி 36 மணித்தியாலமளவில் மில்ற்றபோசின் உள்ளிட்ட மருந்துகள் தொடங்கப்பட்டன. அவளுடைய உடல் வெப்பத்தையும் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அவள் முழுமையாகக் குணமடைந்து பாடசாலைக்குத் திரும்பினாள். அதே ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் அவன் சிகிச்சைக்கு வந்தது நோய் தொடங்கிச் சில நாட்கள் கழிந்த பின்னர். அவன் உயிர் பிழைத்தான், மூளையோ சேதமுற்றுவிட்டது. இவ்விரு பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் படித்த இரவு நாம் உறங்கவில்லை.

எமக்கு அண்மையிலுள்ள கேரளத்தில் 2016ஆம் ஆண்டு ஆலப்புழையில் முதல் நோயாளி இனங்காணப்பட்டார். 2024இல் அம்மாநிலத்தில் பலர் நோயுற்றார்கள். பிள்ளைகள் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். அவ்வாண்டு யூலையில், கோழிக்கோடு மாவட்டத்தில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பிழைத்தெழுந்தான். இந்நோயைப் பற்றிய அறிவிப்புகளைக் கண்டிருந்த அவனுடைய பெற்றோர், பையன் குளத்தில் குளித்ததைத் தாமாகவே வைத்தியரிடம் முற்கூட்டிக் கூறினார்கள் என்று வாசித்தோம். அவர்கள் கேளாமலே சொன்னார்கள். நாம் கேட்டும் சொல்லவில்லை. மென்சவ்வழற்சியுடன் வருவோரிடம் நீர்த்தொடர்பை விசாரிக்குமாறும், பாய்பொருளில் அமீபாவைத் தேடுமாறும் கேரளம் தன் வைத்தியர்களை அறிவுறுத்தியது. அதன் பின் அங்கு நோயாளர் பலர் விரைவில் இனங்காணப்பட்டனர். அவர்களுள் வேறு அமீபா இனங்களால் நோயுற்றோரும் இருந்தனர். இறந்தோரின் விகிதம் உலக விகிதத்திலும் மிகக் குறைந்திருந்ததென அம்மாநில அரசு அறிவித்தது.

வேறு இனங்கள் என்றோம். அகந்தமீபா, பலமூதியா என்பவை மூளையைத் தாக்கும்போது கிழமைக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல முற்றும் நோயை உண்டாக்குகின்றன. அகந்தமீபாவினால் மூளை நோயுறுவோர் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியோரே. இந்நோய்கள் மூளையில் கட்டியென்றோ காசமென்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு. கலிபோர்ணியாவில் 2021இல் பலமூதியா நோய் கண்ட ஒருவருக்கு, ஐரோப்பாவில் சிறுநீர்த் தொற்றுக்கு வழங்கப்பட்டு வந்த நைற்றொக்சொலின் என்னும் பழைய மருந்து கைகொடுத்தது.

இவற்றையெல்லாம் கூறுவது பிள்ளைகளைக் குளத்துக்கும் கேணிக்கும் விரோதிகளாக்குவதற்கன்று. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் நீராடுகின்றார்கள்; நோயுறுவோர் மிகச் சிலரே. எனினும் சில சிறு காரியங்களைச் செய்யலாம். கோடையில் வற்றிச் சூடேறித் தேங்கிய நீரில் தலைகீழாகப் பாய்வதையும், அடிச்சேற்றைக் கலக்கி விளையாடுவதையும் தவிர்க்கலாம். நீந்துவோர் மூக்கை விரலாலோ கவ்வியாலோ அடைத்துக்கொள்ளலாம். நீச்சல் தடாகத்துக்குத் தவறாது குளோரீன் இடலாம்.

யோகாசனம் பயில்வோருக்கு ஒன்று சொல்லவேண்டும். மூக்கினுள் நீர்விட்டுக் கழுவும் நேதி எம்மவரிடையே உள்ள பழைய வழக்கம். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர், குழாய்நீரைக் காய்ச்சாமல் நேதிக் கெண்டியில் விட்டு மூக்கைக் கழுவியதால் இந்நோய்க்கு ஆளாகி இறந்தனர். குற்றம் நேதியில் இல்லை, நீரில் இருந்தது. கொதிக்கவைத்து ஆறிய நீரையே மூக்கினுள் விடவேண்டும்.

பையன் வீடு திரும்பிய அன்று மாலை, நாம் தமக்கையாரிடம் யாவற்றையும் சொன்னோம். குளத்துக்கு அனுப்பியதையும் சொன்னோம். வைத்தியரிடம் மறைத்ததையும் சொன்னோம். ஏசுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்னர், “குளத்துக்கு விட்டது போகட்டும், தம்பி. பிள்ளைகள் போகத்தான் போவினம். ஆனால் டொக்டர் கேட்கேக்கை ஏன் சொல்லேல்லை?” என்றார். அதற்கு எம்மிடம் அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை.

இப்போதும் ஆண்டுதோறும் கரும்பலகையில் அமீபாவை வரைகின்றோம். கருவும் போலிப்பாதங்களும் வரைந்து முடிந்த பின் ஒரு சிறிது நிற்கின்றோம். பின்னர் பிள்ளைகளிடம் இவ்வாறு கூறுகின்றோம்: “குளத்துக்குப் போனால் வீட்டில் சொல்லுங்கள். ஏச்சு விழும், விழட்டும். காய்ச்சல் வந்து வைத்தியரிடம் போனால், கேட்டாலும் கேளாவிட்டாலும், குளித்த இடத்தையும் நாளையும் சொல்லுங்கள்.” பிள்ளைகள் சிரிக்கின்றார்கள். விலங்கியல் ஆசிரியர் எதற்காக ஏச்சைப் பற்றிப் பேசுகின்றார் என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. அவர்களுடைய வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு விளங்கினால் போதும். உண்மை சொல்லும் பிள்ளைக்கு அன்று ஏச்சு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்களே அன்றோ?